பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வதாக அந்தச் செய்தி முடிந்திருந்தது. கடைக்காரர்கள் வேறென்ன சொல்வார்கள்? இன்னொரு வழியும் இருக்கிறது: யாரும் போட்டுக்கொண்டு, திறந்து பார்த்து, மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், எம்.எஸ். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் என்று. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் சில சிறு நிறுவனங்களுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஒரு பவர்டேபிள் தையல் யூனிட், மதியத்துக்கு மேல் ஒரு எம்பிராய்டரி யூனிட், மாலையில் ஒரு பனியன் கம்பெனி என்று ஸ்கூட்டியில் சுற்றுகிற பிழைப்பு. மென்பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செலவுக் கணக்கு வழியாகத் தெரிந்துகொண்டதுதான்.

அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. எங்கள் ஊரில் ஓவர்லாக் மெஷினுக்கு ஊசி வாங்கினாலும் பில் வரும். கம்ப்யூட்டருக்கு பில் இருக்கும், பிரிண்டருக்கு இருக்கும், யுபிஎஸ் பேட்டரிக்குக்கூட இருக்கும். உள்ளே ஓடுகிற விண்டோஸுக்கும் ஆபீஸுக்கும் பில் எங்கே என்று கேட்டால் முதலாளி சிரிப்பார். "அது சர்வீஸ்காரப் பையன் போட்டுக் குடுத்துட்டானுங்க அம்மணி." அந்தப் பையனுக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று வவுச்சரில் ஏறும். அவ்வளவுதான் ஆதாரம்.

திருட்டு சாப்ட்வேர் என்று யாரும் சொல்வதில்லை, 'கிராக்' என்பார்கள். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் இல்லாத நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவர்களுக்குச் சலுகை காட்ட நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. வியாபாரிக்கு அந்தச் சலுகை இல்லை. ஜிஎஸ்டி தாக்கல் ஒரு நாள் தள்ளிப்போனாலே தூக்கம் வராத முதலாளிகள் இதை மட்டும் எப்படி இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

சரி, காசு கொடுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நானும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எம்பிராய்டரி யூனிட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அது மட்டும் போதும் என்று தோன்றவில்லை.

எம்பிராய்டரியில் ஒரு லோகோவை மெஷின் தைக்க வேண்டுமென்றால், முதலில் அதைக் கம்ப்யூட்டரில் தையலாக மாற்ற வேண்டும். இதைப் பஞ்சிங் என்பார்கள். எந்த இடத்தில் நிரப்புத் தையல், எந்த ஓரத்தில் சாட்டின் தையல், எந்தப் பக்கம் சாய்வு, பனியன் துணி இழுபடுவதற்கு எவ்வளவு கூட்டிக் கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்யும் கைத்திறன் அது. அதைச் செய்ய ஒரு விலை உயர்ந்த சாப்ட்வேர் இருக்கிறது. அந்த யூனிட்டிலும் இருந்தது, கிராக் வடிவில். அந்த கிராக்கோடு சேர்ந்து வந்ததா, வேறு வழியில் நுழைந்ததா தெரியாது, ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எதுவும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்று உலகத்தையே ஆட்டிய ஒன்று வந்ததே, அதே ஜாதி. அதற்கான பாதுகாப்புத் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. ஆனால் கிராக் போட்ட கம்ப்யூட்டரில் 'அப்டேட் வந்தா லாக் ஆயிடும்' என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பதுதான் சர்வீஸ்காரர்களின் முதல் வேலையாக இருக்கிறது.

டேலி மென்பொருளில் இருந்த கணக்கு என்னிடம் பென் டிரைவில் பேக்கப் இருந்தது, பிழைத்தது. டிசைன்கள்? மெஷினுக்குப் போட்ட பென் டிரைவ்களில் டிஎஸ்டி கோப்புகள் மட்டும் மிஞ்சின. டிஎஸ்டி என்பது மெஷினுக்கான கோப்பு. ஊசி இங்கே போ, அங்கே போ, நூலை வெட்டு, அவ்வளவுதான் அதில் இருக்கும். எந்த நூல் என்ன கலர் என்றுகூட இருக்காது. திருத்துவதற்கு வேண்டிய மூலக் கோப்பு அந்த சாப்ட்வேரின் சொந்த வடிவத்தில் இருந்தது. அது வேறு ஒரு பழைய லேப்டாப்பில் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் அதைத் திறக்க அதே சாப்ட்வேர் வேண்டும். உரிமத்தோடு வாங்க விலை கேட்டார் முதலாளி. கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. காசு கொடுத்தே வாங்கியிருந்தாலும் நிலைமை இதேதானே? பஞ்சிங் செய்தது அவருடைய ஆள். சம்பளம் கொடுத்தது அவர். வவுச்சர் எழுதியது நான். ஆனால் அந்த வேலையைத் திறந்து பார்க்கும் உரிமை மட்டும் இன்னொரு கம்பெனியின் கையில் இருக்கிறது. சந்தா கட்டுவதை நிறுத்தினால், அல்லது அவர்கள் அந்தப் பதிப்பை நிறுத்தினால், நம் வேலை நமக்கே மூடிக்கொள்கிறது.

முதலாளியின் மகன் பொறியியல் படிக்கிறான். அவன்தான் இங்க்ஸ்டிச் என்ற ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்கிற நீட்சி அது. இரண்டுமே கட்டற்ற மென்பொருள்கள். யார் வேண்டுமானாலும் எத்தனை கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதில் வரைந்ததை டிஎஸ்டியாக எடுத்து மெஷினில் போட்டால் ஓடுகிறது. மூலக் கோப்பு எஸ்விஜி என்ற பொது வடிவத்தில் இருப்பதால் நாளைக்கு வேறு மென்பொருளிலும் அந்த வரைபடத்தைத் திறக்கலாம். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பஞ்சிங் மாஸ்டர் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பழைய சாப்ட்வேரில் ஒரு தட்டில் ஆகிற சில வேலைகள் இதில் நாலு தட்டு. சிக்கலான டிசைன்களை இன்றும் அவர் வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறார். ஆனால் தினசரி வருகிற பெயர், லோகோ, நெஞ்சுப் பக்க பேட்ஜ் எல்லாம் இதில்தான் போகின்றன.

காசு கொடுத்தவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு என்றேன். சந்தேகப்படுபவர்கள் நயாரா எனர்ஜியை நினைத்துப் பார்க்கட்டும். குஜராத் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் கம்பெனி, நாடு முழுக்க பெட்ரோல் பங்க் நடத்துகிறது. அதில் ரஷ்ய எண்ணெய்க் கம்பெனி ரோஸ்நெப்டுக்குப் பங்கு இருப்பதால் 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாப்ட் அதற்கான சேவைகளை நிறுத்திவிட்டது. உரிமம் இருந்தது, பணம் கட்டியிருந்தது. ஆனாலும் தன் மின்னஞ்சலை, தன் தரவைப் பயன்படுத்த முடியவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதன் பிறகு சேவை திரும்பி வந்தது. நயாராவுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. அனுப்பர்பாளையத்தில் இருபது மெஷின் போட்டிருப்பவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

இதைச் சொன்னால் சிலர், நம்ம நாட்டு சாப்ட்வேருக்கு மாறிவிட்டால் போயிற்று என்கிறார்கள். ஜோஹோவை வைத்து இப்போது பேச்சு அதிகம். தென்காசிப் பக்கம் கிராமத்தில் ஆபீஸ் போட்டு உலகத்துக்கு விற்கிற கம்பெனி, எனக்கும் பெருமைதான். ஆனால் அதுவும் ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிற சாப்ட்வேர்தான். தடை போடும் வெளிநாட்டைப் பற்றிய பயம் வேண்டுமானால் குறையும். விலை ஏற்றினால், ஒரு சேவையை நிறுத்தினால் நாம் என்ன செய்வோம் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். தையல் மெஷினை எந்த நாட்டுக்காரன் செய்தால் என்ன, நம் ஊர் மெக்கானிக் அதைத் திறந்து, துணியை மடித்துக் கொடுக்கும் போல்டரை மாற்றலாம், கத்தியைத் தீட்டலாம் என்பதுதானே நமக்கு முக்கியம்?

முதலாளிகளிடம் பேசும்போது நான் 'சுதந்திரம்' என்ற சொல்லை எடுப்பதே இல்லை. எடுத்தால் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள் வேறு.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "சும்மா குடுக்கறவன் எதுக்குங்க குடுக்கறான்?" நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் சும்மா கிடைத்தது எதுவும் உருப்பட்டதில்லை. என் பதில்: உங்கள் கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்கிறீர்களே, அந்த வி.எல்.சி. கட்டற்ற மென்பொருள்தான். உங்கள் போனில் ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ். ரெட் ஹேட் என்ற லினக்ஸ் கம்பெனியை ஐபிஎம் 2019இல் 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. மென்பொருளைப் பூட்டி விற்காமல், அதைப் பராமரித்துக் கொடுப்பதற்குச் சந்தா வாங்கியே வளர்ந்த கம்பெனி அது. இதெல்லாம் தலைக்கு மேலே போகிறது என்று தெரிந்தால், பங்கு வாங்கி விற்க உதவும் ஜெரோதா கம்பெனியைச் சொல்வேன். காலை 9.15க்கு எங்கள் முதலாளிகளில் பாதிப்பேர் அதில்தான் இருப்பார்கள். அந்தக் கம்பெனி தன் தொழில்நுட்பத்தைப் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்களின் மேல் கட்டியதாக வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படிப்பட்ட மென்பொருள்களை எழுதுபவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுக்க 2024இல் ஒரு நிதியையே தொடங்கியிருக்கிறது. "அட, அவங்களேவா?" என்று ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாபம் பார்க்கத் தெரிந்தவன் செய்கிறான் என்றால் எங்கள் ஊரில் பாதி வாதம் முடிந்தது.

அடுத்தது, "ஏதாச்சும் ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கறதுங்க?" இப்போது யார் சட்டையைப் பிடிக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கிராக் போட்ட பையன் போனை எடுப்பதில்லை. அமெரிக்காவுக்கு நீங்கள் போன் போடுவதில்லை. உரிமத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு பகுதியை உள்ளூர் ஆளுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமாகக் கொடுத்தால் பிடிப்பதற்கு ஒரு சட்டை பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். அதற்கு பில் வரும், ஜிஎஸ்டியோடு.

ஆகவே செலவே கிடையாது என்று நான் யாரையும் நம்ப வைப்பதில்லை. பழக்குவதற்கு நேரம் போகும், பராமரிக்க ஆள் வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10ஐ அப்படியே வைத்துக்கொண்டு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வாங்குவதற்குத் தொழில் நிறுவனங்களுக்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் விலை, கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டாம் ஆண்டு அது இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரட்டிப்பு. அதோடு சரி, அப்புறம் கிடையாது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்புக்கு முந்திய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை தகுதிப் பட்டியலிலேயே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் இவை! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது ஆர்டர் ஆட்டம் கண்ட ஊரில், பேக்கிங் லிஸ்ட் அடிப்பதற்குப் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை, 4 ஜிபி ராம் இருந்தால் இந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

எப்படி மாறுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து எல்லாக் கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டு, திங்கட்கிழமை எல்லாரும் திணறி, புதன்கிழமை பழையபடி கிராக். இப்படி நடந்த இடம் எனக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் நாங்கள் விண்டோஸைத் தொடவே இல்லை. அதற்குள்ளேயே லிப்ரே ஆபீஸைப் போட்டு, டெலிவரி சலான், பேக்கிங் லிஸ்ட், பீஸ் ரேட் கூலிப் பட்டியல் இவற்றை மட்டும் அதில் எக்செல் மாதிரி இருக்கிற கால்க்கில் செய்யச் சொன்னோம். பழகிய பிறகு டெஸ்பாட்ச் பக்கம் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மின்ட் ஏறியது. அதற்குள் அவர்களுக்கு விண்டோஸ் போனதே பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

சில்லறைத் தொந்தரவுகள் வரத்தான் செய்தன. ஒன்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய பேக்கிங் லிஸ்ட், மின்ட்டில் திறந்தால் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கோப்பில் இருந்த காலிப்ரி எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துரு இருக்கிறது. அதை நிறுவியதும் வரிகள் தம் இடத்துக்கு வந்துவிட்டன. இதற்காக டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் லினக்ஸையே தலைமுழுகப் பார்த்தார். கூலிப் பட்டியலைத் தமிழில் அடிக்க தமிழ்99 விசைப்பலகையும் வந்துவிட்டது. முன்பெல்லாம் அந்தப் பட்டியலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் புழு நெளிகிற மாதிரி இருக்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் அடித்த பிறகு கான்ட்ராக்டர்களுக்கு அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்ப முடிகிறது.

மாற்ற முடியாததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னை விளம்பரக்காரி என்பீர்கள். டேலி விண்டோஸில்தான். எனக்குச் சோறு போடுவதே டேலி, அதை விடச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கென்று உரிமத்தோடு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்துவிட்டுப் போகட்டும். பென் டிரைவ் மாதிரி செருகுகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. ஜிஎஸ்டி தாக்கலுக்குப் பிரைவேட் லிமிடெட் என்றால் டோக்கன் கட்டாயம், தனி உரிமையாளருக்கு ஓடிபி போதும். ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற, மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) நிறைந்த எக்செல் படிவங்கள் கால்க்கில் சில சமயம் மக்கர் செய்யும். வருகைப் பதிவு மெஷினோடு வந்த சாப்ட்வேர் விண்டோஸை விட்டு நகராது. கணக்கையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்ற விரும்புகிறவர்களுக்கு மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது, ஜிஎஸ்டியும் அதில் செய்யலாம். ஆனால் அது ஒரு பெரிய வேலை, நல்ல ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகள் 2023 ஏப்ரல் முதல் திருத்தத் தடம் (எதை எப்போது திருத்தினோம் என்ற பதிவு) பதியும் கணக்கு மென்பொருளைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் கிடைப்பார்களா என்பதுதான் உண்மையான தடை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள். நம் பக்கம் 2011இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் மத்திய அரசு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. என் தங்கை மகனுடைய லேப்டாப்பில் அதை ஒரு நாளும் யாரும் திறந்து பார்க்கவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் விழுப்புரத்தில், காஞ்சிபுரத்தில், சென்னையில் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் இயங்குகின்றன. கணியம் தளத்தில் இதைப் பற்றித் தமிழிலேயே படிக்கலாம். விழுப்புரத்தில் முடிகிறது என்றால் டாலர் சம்பாதிக்கிற திருப்பூரில் ஏன் முடியாது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

எங்கள் ஊர் முதலாளிகள் சங்கங்களிடம் கேட்பது இதுதான். சாயப்பட்டறைக்காரர்கள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்த ஊர் இது. அதே மாதிரி இருபது முப்பது சிறு யூனிட்டுகள் சேர்ந்து, லினக்ஸ் தெரிந்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்து சங்க அலுவலகத்தில் உட்கார வையுங்கள். யாருக்குப் பிரிண்டர் ஓடவில்லை, யாருக்கு எழுத்துரு வரவில்லை என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் கூலிப் பட்டியலுக்கும் சலானுக்கும் பொதுவான கால்க் படிவங்களை அவர்களே செய்து எல்லாருக்கும் கொடுக்கலாம். மிச்சமாகிற பணத்தில் கொஞ்சத்தை லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்டிச் மாதிரி உழைக்கிறவர்களுக்கு நன்கொடையாக அனுப்புங்கள். லிப்ரே ஆபீஸின் அறக்கட்டளை ஜெர்மனியில் இருப்பதால் அதற்கு வருமான வரியில் 80ஜி கழிவு கிடைக்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மார்ச் மாதம் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் தொழில் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, தமிழ்நாட்டில் இப்படி மாறிய ஒரு சிறு நிறுவனத்தைப் பற்றி எழுதுங்கள். அரிசி ஆலை, அச்சகம், பாத்திரக் கடை எதுவாக இருந்தாலும் சரி. எதை மாற்றினார்கள், எதை மாற்ற முடியவில்லை, எவ்வளவு செலவானது என்று அவர்கள் வாயாலேயே வரட்டும். நான் சொன்னால் கணக்குப் போடுகிற அம்மணி சொல்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். இன்னொரு முதலாளி சொன்னதாகப் பேப்பரில் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

நான் கணக்கு எழுதுகிறவர்களில் பலர் தங்கள் வாசகர்கள் என்பதால், என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பகுதி நேரக் கணக்காளர் ஒருவர்,
திருப்பூர்.